திரும்பி நடந்த அன்னம்

ஆரணி கொசப்பாளையத்தில் தறிக்காரர் தனசேகரனைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அதைவிடக் குறைவு. ஆள் கெட்டவர் இல்லை. கோணலைப் பார்த்தால் பொறுக்காது, அவ்வளவுதான். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்கினால், இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து போய் அதை நேராக்கிய பிறகுதான் மறுபடி வந்து உட்காருவார். ஒரு கல்யாண வரவேற்பில், பின்னால் நின்ற அத்தனை பேரையும் காக்க வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தைக் கரை மேல் கரை பொருந்துகிற மாதிரி மடித்துப் போட்டார். போட்டோக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கிற சாமானின் பேரைத் தனக்கு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அது பொய் சொல்லாது இல்ல?" என்று கேட்டார்.

தறியில் சொல்லவே வேண்டாம். ஓர் இழை தப்பாக விழுந்தாலும் ஊடை நூல் ஓட்டுகிற நாடாவை ஓரமாக வைத்துவிட்டுப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு தப்புக்காக ஒரு சாண் துணியைப் பிரித்த நாளெல்லாம் உண்டு. முப்பத்தைந்து வருஷத்தில் அவர் நெய்த புடவை ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அந்தப் புடவைகள் பெரிய பெரிய கடைகளின் பேர் போட்ட பெட்டியில் ஏறி எங்கெங்கோ போயின. எந்தக் கல்யாணத்தில் யார் கட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நெய்தது யார் என்று அவர்களும் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட மனுஷன், கண்ணெதிரே ஒரு தப்பைப் பார்த்துவிட்டு ஒன்பது நாள் வாயைத் திறக்காமல் இருந்தார் என்று சொன்னால் தெருவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஆனால் இருந்தார்.

எல்லாம் சோபியா வந்ததிலிருந்து ஆரம்பித்தது. சோபியா கலசப்பாக்கத்துப் பெண். சென்னையில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் பழைய துணிமணிகளைக் கவனித்துக்கொள்கிற வேலை. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்து ஜனங்கள் என்ன உடுத்தினார்கள் என்று ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னாள். தாசில்தாரின் கோட்டு, மிஷன் பள்ளிக்கூடத்துப் பெண்களின் ரவிக்கை, ஆற்காட்டு அத்தர் வியாபாரியின் ஜரிகைக் குல்லா என்று பலதும் சேர்த்து வைத்திருந்தாள். அதற்கு நடுநாயகமாக ஓர் ஆரணிப் பட்டு. சந்தன நிற உடம்பு, அரக்குக் கரை, பதினெட்டு முழம். கரை நெடுக அன்னங்கள் வரிசையாக முந்தானையைப் பார்த்து நடந்துகொண்டிருக்கும். ஒரு பழைய மிட்டாதார் வீட்டுப் பெட்டியில் அதிகம் கட்டாமல் கிடந்ததால் துணி நன்றாகவே இருந்தது.

"கண்ணாடிக்குள்ள இருக்கிறத யாரும் தொட முடியாதுண்ணா. பட்ட தொடாம பாத்துட்டுப் போனா இன்னா தெரியும்? அதனால வெளிய ஒரு மேசை போட்டு, அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணு வைக்கப்போறோம். வர்றவங்க தொடலாம், தடவலாம், தோள்ல போட்டுக்கூட பாக்கலாம். அத நீங்கதான் நெய்யணும்."

தனசேகரன் யோசித்தார். "அப்ப நான் நெய்யறது ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் கை தொடைக்கிற துணிங்களா, மேடம்?"

சோபியா சிரித்துவிட்டாள். ஆனால் புடவையைப் பிரித்துக் காட்டியதும் அவர் அந்தக் கேள்வியை மறந்துபோனார். அப்படி ஒரு கை. இழை ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்தில், துளை போட்ட அட்டைகளை ஓட்டிப் பூ எழுப்புகிற ஜக்கார்டு பெட்டி கிடையாது. கயிறு கயிறாகக் கட்டி, பக்கத்தில் ஓர் ஆள் வரிசைப்படி தூக்கிக் கொடுக்க, அன்னத்தைக் கையாலேயே எழுப்ப வேண்டும். நெய்தவர் யாரோ, பேர் தெரியவில்லை. தனசேகரன் அவரைப் பெரியவர் என்று சொல்ல ஆரம்பித்தார். நாலைந்து நாளில் அது பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வது போல ஆகிவிட்டது.

முந்தானையிலிருந்து எண்ணினால் எண்பத்து மூன்றாவது அன்னம். அது ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நடந்தது. தூக்கிக் கொடுத்த ஆள் வரிசையைத் தலைகீழாகக் கொடுத்திருக்க வேண்டும். பெரியவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்தும் பிரிக்காமல் மேலே போயிருக்கிறார். இதுதான் தனசேகரனுக்குப் பிடிபடவில்லை.

"அந்த அன்னத்தையும் அப்படியே போடணும்ணா. தப்போடதான் வேணும்," என்று சோபியா இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள். அவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று, மேலிடத்தில் கெஞ்சி அனுமதி வாங்கி, பழைய புடவையையும் பெட்டியோடு அவர் வீட்டிலேயே விட்டிருந்தாள்.

தப்போடு நெய்வது கஷ்டமே இல்லை. ஜக்கார்டு அட்டைகளை அந்த ஓர் அன்னத்துக்கு மட்டும் பின்னோக்கி ஓட்டினால் அது திரும்பி நிற்கும். எண்பத்து மூன்றாவது அன்னம் வந்தது. தனசேகரன் அட்டையைத் திருப்பினார். பத்து இழை ஓடியது. பதினோராவது இழைக்குக் கை நின்றுவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், வாசலில் நின்றார், திரும்பி வந்தார். பிறகு பத்து இழையையும் பிரித்துவிட்டு, அட்டையை நேராக ஓட்டி, அன்னத்தை மற்ற அன்னங்களோடு சேர்த்து நடக்க விட்டார். இத்தனை பேர் பிடித்து இழுக்கப்போகிற துணியில் எண்பத்து மூன்றாவதை எவன் எண்ணப்போகிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

நிறத்துக்குச் சாயக்கார எல்லப்பன் முன்பே மெனக்கெட்டிருந்தான். புதுச் சந்தனத்தை வெளிறின சந்தனமாக்க நூலை ஆறு தடவை முக்கி எடுத்திருந்தான். ஜரிகையும் பளபளக்காத பழைய சரக்கு. புடவையைத் தறியிலிருந்து அறுத்து, பழையதன் பக்கத்தில் விரித்துப் போட்டபோது தனசேகரனே ஒரு நிமிஷம் தடுமாறினார். அவர் மனைவி கெங்கம்மாள் வழக்கம்போல மஞ்சளைக் குழைத்து, புதுப் புடவையின் முந்தானை மூலையில் ஒரு பொட்டு வைத்தாள். அந்த வீட்டுத் தறியிலிருந்து இறங்குகிற எந்தப் புடவையும் மஞ்சள் வைக்காமல் வாசல் தாண்டாது. வியாபாரிகளுக்கு அது தெரியும். சந்தன நிறத்தில் வைத்ததால் மஞ்சள் லேசாகப் பரவி, பழைய கறை போலத் தெரிந்தது. அதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புடவைகளை வாங்கிப்போகச் சோபியா வரவில்லை. பிரசவத்துக்குக் கலசப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். பதிலுக்கு ஹேமநாத் என்கிற பையன் காரில் வந்தான். படித்தவன், மரியாதை தெரிந்தவன், அவசரக்காரன். தனசேகரன் எல்லப்பன் வீட்டுக்குப் போயிருந்த நேரம் அது. கெங்கம்மாள் இரண்டையும் வெள்ளைத் துணியில் தனித்தனியாகச் சுற்றிக் கொடுத்தாள். எது பழசு, எது புதுசு என்று அவன் கேட்கவில்லை. இத்தனை படித்த பிள்ளைக்குத் தெரியாதா என்று இவளும் சொல்லவில்லை.

கண்காட்சி திறந்த மறு ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் சென்னை பஸ் ஏறினார்கள். கெங்கம்மாள் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே போனால் குளிர். விளக்கெல்லாம் துணிகளின் மேல்தான், ஆட்கள் நடக்கிற இடம் மங்கல். நடு மண்டபத்தில் ஆள் உயரக் கண்ணாடிப் பேழை. அதற்கு நாலு எட்டு தள்ளி ஒரு நீள மேசை. மேசை மேல் ஒரு பலகை: 'தொட்டுப் பாருங்கள். மாதிரிப் புடவை. நெசவு: தனசேகரன், ஆரணி.'

கெங்கம்மாள் அந்தப் பேரை விரலால் தடவினாள். "ஏங்க, பேரு போட்டுகிறாங்க," என்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் பேரை அச்சில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மேசையைச் சுற்றிக் கூட்டம். ஒரு கல்லூரிப் பெண் முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு தோழியிடம் செல்போனை நீட்டினாள். இன்னொருத்தி கரையைச் சுருட்டிப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். காவலுக்கு நின்றவர், "பயப்படாம தொடுங்க, இது புதுசு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தனசேகரன் கையை வைத்தார். வைத்ததும் எடுத்துவிட்டார். புதுப் பட்டு விரலுக்கடியில் சரசரக்கும். இது சத்தமே போடவில்லை. அவர் கரையைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே எண்ணினார். கூட்டம் முறைத்தது. எண்பத்து மூன்றுக்கு வந்தபோது அன்னம் எதிர்ப்பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தது.

அடித்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடிப் பேழைக்குப் போனார். உள்ளே ஒரு பொம்மை மேல், விளக்கு வெளிச்சத்தில், அவர் நெய்த புடவை நின்றது. கீழே எழுதியிருந்தது: 'ஆரணிப் பட்டு, சுமார் 1925. நெய்தவர் பெயர் தெரியவில்லை. முந்தானை ஓரத்து மஞ்சள் கறை, மணப்பெண் முகூர்த்தத்தில் உடுத்தியதன் அடையாளம்.'

கெங்கம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "முகூர்த்தமா? அது நான் வெச்ச மஞ்சள்ங்க," என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குள் விஷயமும் புரிந்தது. "ஐயோ, மாத்திட்டாங்களா?"

அப்போது பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், நல்ல பட்டுக் கட்டத் தெரிந்தவள் போலிருந்தவள், கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டுத் தன் கணவரிடம் சொன்னாள். "பாத்தீங்களா? ஒரு இழை பிசகல. இப்ப எவன் இப்படி நெய்யறான்? அந்தக் கையெல்லாம் போயிடுச்சு."

தனசேகரன் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அந்தக் கை இதோ இருக்கிறது அம்மா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது, சொன்னால் அந்தப் பேச்சு அப்போதே பொய்த்துவிடும் என்றும் தெரிந்தது. பத்து நிமிஷத்துக்கு மேல் அங்கேயே நின்று, வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டார். ஒவ்வொரு பேச்சையும் ஆசை ஆசையாகக் கேட்டார்.

பிறகு, "யார்னா ஆபீசர் கீறாங்களான்னு பாக்கறேன்," என்று திரும்பினார். கெங்கம்மாள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா இன்னா ஆவும்? அத தூக்கி மேசையில போட்டு இழுப்பாங்கோ. ஒரு மாசம்தானே. ஒங்க கை ஒரு மாசம் கண்ணாடிக்குள்ள இருந்துட்டுப் போவட்டுமே. யாருக்குங்க நஷ்டம்?"

யாருக்கு நஷ்டம் என்பது இருவருக்குமே தெரியும். நாலு எட்டு தள்ளி, மேசை மேல், அந்த நஷ்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. தனசேகரன் வாசலைப் பார்த்து நடந்தார். இது முதல் நாள்.

ஊருக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. தறியில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவார். மிதியை மிதிக்கும்போதெல்லாம் எத்தனை கை, எத்தனை கை என்று உள்ளே ஏதோ கணக்குப் போட்டது. பஸ் ஸ்டாண்டு வரை போய், போளூர் பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். டீக்கடையில் கிளாஸ்களை வரிசையாக அடுக்கி வைத்துக் கடைக்காரரிடம் திட்டு வாங்கினார். எதிர்வீட்டு வாசலில் காய்ந்த துணிகளைக் கொடியில் அளவு பார்த்து இழுத்து விட்டார். அந்த வீட்டுக்காரி, "இன்னாண்ணா, ஒடம்பு கிடம்பு செரியில்லையா?" என்று நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். ஊரில் இருந்த கோணலெல்லாம் அந்த வாரம் நேராகியது, ஒன்றைத் தவிர.

ஐந்தாம் நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு போளூர் பஸ்ஸில் ஏறியேவிட்டார். போளூரில் இறங்கி மாறினால் கலசப்பாக்கம், சோபியாவின் அம்மா வீடு. போகிற வழியில் அந்தப் பட்டுக்கட்டிய அம்மாள் சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு இழை பிசகல. சந்தவாசலில் இறங்கிவிட்டார். ஒரு டீ குடித்தார். எதிர்த் திசையில் வந்த பஸ்ஸைப் பிடித்து ஆரணிக்கே திரும்பினார். வீட்டில் கெங்கம்மாள் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. சோறு போட்டாள். அவள் முகமும் நன்றாக இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் அவர் பெரியவரோடு சண்டை போட்டார். மனசுக்குள்தான். நீ ஒரு தப்பைப் பார்த்துவிட்டுப் பிரிக்காமல் போனாயே, நான் ஒரு தப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால் மட்டும் என்ன என்று கேட்டார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் செத்து எத்தனை காலமோ. அவரால் வாய் திறந்து, ஐயா என் துணி கிழிகிறது என்று சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அதில் ஒருத்தி கெங்கம்மாள்.

ஒன்பதாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு சதீஷ் செல்போனும் கையுமாக ஓடி வந்தான். விசைத்தறி மெக்கானிக். தனசேகரனை வம்புக்கு இழுப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு.

"ரசமட்டம் அண்ணா, ஒங்க பொடவ சென்னையில ஃபேமஸ் ஆயிகினு கீது. இங்க பாருங்க. எவ்ளோ பேரு பாத்துகிறாங்க தெரியுமா?"

வீடியோவில் ஒரு கூட்டம். மேசையிலிருந்த புடவையை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து மேலும் கீழும் அலையடிக்க விட, நடுவில் புகுந்து ஒருத்தி ஆடினாள். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் கரை செல்போனுக்கு வெகு கிட்டத்தில் வந்தது. அன்னங்கள் ஓடின. ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்தது. அதன் கழுத்தில் ஜரிகை அறுந்து, இழை பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"சூப்பர் இல்ல?" என்றான் சதீஷ். தனசேகரன் செல்போனை அவன் கையில் கொடுத்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே வாசலில் இறங்கினார். கெங்கம்மாள் பின்னாலேயே வந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தார். "செருப்ப போட்டுகினு போங்க," என்றாள்.

கலசப்பாக்கத்து வீட்டில் சோபியா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு நாள் குழந்தை தூளியில் தூங்கியது. "வாங்கண்ணா, பாப்பாவ பாக்க வந்தீங்களா?" என்று சந்தோஷப்பட்டாள். அவர் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட இல்லை. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. தூளிக்கயிறு ஒரு பக்கம் இறங்கி இருந்தது. கை தானாக அங்கே போய் முடிச்சை ஏற்றிக் கட்டியது. கட்டிக்கொண்டே பேசினார்.

"பொடவ மாறிப்போச்சும்மா. கண்ணாடிக்குள்ள இருக்கிறது என்து. வீடியோவுல மேசையில போட்டு இழுக்கிறாங்களே, அதுதான் பெரியவர்து."

சோபியா முதலில் நம்பவில்லை. அதெப்படி மாறும், பழசில் நான் கவனிக்காமல் விட்ட மஞ்சள் கறையைக்கூட ஹேமநாத் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறானே என்றாள். அவர் மஞ்சள் கதையைச் சொன்னார். "எண்பத்தி மூணாவது அன்னத்த பாக்க சொல்லுங்க. கண்ணாடிக்குள்ள இருக்கிறதுல அது நேரா போவும். நீங்க தப்போட போடச் சொன்னீங்க. என்னால முடியல. பத்து இழ ஓட்டினேன், கை வரல, பிரிச்சிட்டேன். சொன்னபடி செய்யாதது என் தப்புதான்."

அவள் உடனே ஹேமநாத்துக்குப் போன் போட்டாள். அவன் பேழையைத் திறந்து எண்ணுவது போனில் கேட்டது. எண்பத்து ஒன்று, எண்பத்து இரண்டு. பிறகு தடதடவென்று காலடிச் சத்தம். மேசைக்கு ஓடினான் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "மேடம்," என்றான், அழுகிற குரலில். அந்த நிமிஷமே மேசையை மூடச் சொன்னாள். புடவையை எப்படி எடுக்க வேண்டும், எதில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். போனை வைத்தபோது அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

"நல்ல வேளைண்ணா. வீடியோவ பாத்ததுமே ஓடி வந்துட்டீங்க. நீங்க இல்லன்னா இன்னும் ரெண்டு வாரம் அப்படியே கெடந்திருக்கும்."

அதோடு விட்டிருக்கலாம். எழுந்து வந்திருக்கலாம். அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், அவரும் வாய் திறந்து பொய் சொல்லவில்லை. வாசல்படி வரை போனார். அந்த நல்ல வேளை என்கிற வார்த்தை சாய்ந்து தொங்குகிற காலண்டர் மாதிரி முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி வந்தார்.

"இல்லம்மா. இன்னிக்கி பாக்கல. போன ஞாயித்துக்கெழமைக்கு முந்தின ஞாயித்துக்கெழமையே நேர்ல பாத்துட்டேன். ஒம்பது நாளாவுது."

சோபியா அவரைப் பார்த்தாள். "ஒம்பது நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு அம்மா சொன்னாங்க, இப்ப எவன் இப்படி நெய்யறான்னு. அத கேட்டுகினே நின்னுட்டேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. தூளியில் குழந்தை அழுதது, அவள் எழுந்து போனாள். அவள் அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்காமல் பஸ் ஏறினார்.

கண்காட்சியை இன்னும் மூன்று மாசம் நீட்டினார்கள். சோபியா வேலைக்குத் திரும்பியதும், வந்து பார்க்கச் சொல்லித் தகவல் அனுப்பினாள். தனசேகரன் தனியாகப் போனார். மேசையில் அவர் புடவை கிடந்தது. கூட்டம் தடவியது, இழுத்தது, தோளில் போட்டுப் போட்டோ எடுத்தது. அது சரசரத்துக்கொண்டே தாங்கியது. அவர் அதை நின்று பார்க்கவில்லை. நேராகப் பேழைக்குப் போனார்.

பெரியவர் புடவையை இப்போது பொம்மைக்குக் கட்டவில்லை. தாங்காது என்று படுக்கையாக விரித்திருந்தார்கள். எண்பத்து மூன்றாவது அன்னம் வெளிச்சத்தில் இருந்தது. கழுத்தும் அலகும் போய்விட்டன. இரண்டு விரல் அகலத்துக்கு இழை பிரிந்து, நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் மட்டும் வெறுமையாகத் தெரிந்தது.

சோபியா பக்கத்தில் வந்து நின்றாள். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மேடம், ரெண்டு மணி நேரம் குடுங்க. அதே ஜரிக எல்லப்பன்கிட்ட மிச்சம் கீது. யாருக்கும் தெரியாத மாதிரி கோத்து அடைச்சிட்றேன். இந்த தடவ அன்னத்த திருப்பியே போட்றேன். சத்தியமா."

"எனக்கு தெரியும், நீங்க செஞ்சிடுவீங்க," என்றாள் சோபியா. "ஆனா கூடாதுண்ணா. இனிமே நாங்க அதுல கைவைக்க மாட்டோம். அதுக்கு நடந்தது எல்லாமே அதுல அப்படியே இருக்கணும். இதுவும்தான்."

"எத்தன வருசத்துக்கு?"

"துணி இருக்கிற வரைக்கும்."

அவர் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். விரல்கள் சும்மா இருக்கவில்லை. காவலுக்கு நின்றவர் வந்து, கண்ணாடியைத் தொடக் கூடாது என்று பணிவாகச் சொன்னார். கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பெரியவர் பிரிக்காமல் விட்ட தப்பு அங்கே பாதி இருந்தது. மீதிப் பாதி இருந்த இடத்தில் இவருடைய ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் காலை தறியில் உட்கார்ந்தார். கல்யாண ஆர்டர், மாம்பழ நிறம். வியாபாரி மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். முந்தானைக்கு ஒரு சாண் இருக்கையில் நாடா நின்றது. கொஞ்சம் பின்னால், விரற்கடை தூரத்தில், ஓர் இழை இரட்டித்து விழுந்திருந்தது. கெங்கம்மாள் குனிந்து பார்த்தாள். கூர்ந்து பார்த்தால் ஒழியத் தெரியாது.

"உடுங்க. ஒரு இழதானே. இத போய் யாரு பாக்கப்போறாங்கோ? ஜல்தி முடிங்க, அவரு வந்துருவாரு."

தனசேகரன் நாடாவை ஓரமாக வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் இழையை நகத்தால் நெம்பி எடுத்தார்.

"இத பிரிக்க முடியுது கெங்கா," என்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிரிகிற இழையை ஒவ்வொன்றாக வாங்கிச் சுற்றினாள்.